வெள்ளை என்றால் சூடு

மே மாதம் போட்ட கடலை.
மூன்றே இரவு.
வரிசை பிசகாமல், ஒரு பருப்பு விடாமல்
மூக்கால் உழுதுவிட்டுப் போயிருந்தன.
நாற்பது ஏக்கர் கோமான்சி கவுண்டி மணல்
அம்மை இறங்கிய முகமாய்க் கிடந்தது.

கார்லிஸ் கடைக் கண்ணாடிப் பெட்டியில்
நான்கு தெர்மல் ஸ்கோப்புகள்.
ஒன்றின் விலைக்கு
டிராக்டருக்கு நாலு டயரும் மாற்றலாம்,
மிச்சமும் வரும்.
"முந்நூத்து எண்பத்துநாலா, அறுநூத்து நாற்பதா?"
நட்டின் அளவு கேட்பது போலக் கேட்டான்.
எனக்குத் தெரிந்த எண்களெல்லாம்
மழை அங்குலம், வங்கி வட்டி.

அட்டையில் போட்டிருந்தது:
இரண்டாயிரம் கஜம் வரை தெரியும்.
"தெரியும்னா?"
"ஏதோ ஒண்ணு இருக்குன்னு தெரியும்."
"பன்றின்னு?"
தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.
"அதுக்கு முந்நூறு, ஓலெட்டா.
ஈரக்காத்து அடிச்சா இருநூறு."
நல்ல மனிதன். அட்டையில் அது இல்லை.

இருட்டும்வரை இருக்கச் சொன்னான்.
கடையின் பின்வாசலில் நின்று
ஒவ்வொன்றாய்க் கண்ணில் வைத்தேன்.
வெள்ளை என்றால் சூடு. கருப்பு என்றால் குளிர்.
அப்போதுதான் வந்து நின்ற டிரக்கின் முகம்
அடுப்பாய் வெளுத்திருந்தது.
யாரோ சாய்ந்து நின்றுவிட்டுப் போன சுவரில்
முதுகு மட்டும் மிச்சம்.
பார்த்துக்கொண்டே இருந்தேன்,
அது மங்கி மங்கி
செங்கல்லாகும் வரை.

கை பெரியதைத்தான் தேடியது.
"வேண்டாம். அதுல ஒரு பன்றியோட காதுமயிர் தெரியும்,
பக்கத்துல ஓடுற பதினொண்ணு தெரியாது."
சின்னதை எடுத்தேன். பதினெட்டுத் தவணை.

முதல் இரவு, டிரக்கின் பின்பலகையில்,
துப்பாக்கியில் மாட்டிய புதுக் கண்ணோடு.
கற்கள் பகலை இன்னும் விடவில்லை.
மெஸ்கீட் புதரடியில் ஒரு முயல்,
எரிகிற அரிசி.
மாட்டுத்தொட்டி கருங்குளிர்.
அப்புறம் வேலியோரம் ஒரு வெள்ளை.
பன்றி உயரம்.
குனிந்து, நகர்ந்து, குனிந்து.
பூட்டின் மேல் என் கட்டைவிரல்.

வெள்ளை எழுந்தது.
இரண்டு காலில் எழுந்தது.

வெர்லின்.
"போனது போச்சு" என்று
ஒன்பது மணிக்கே படுக்கப் போன என் அண்ணன்
இடுப்பில் வாளி ஏந்தி
பன்றி கிளறிய குழிகளில்
கையால் கடலை ஊன்றிக்கொண்டிருந்தான்.
நாற்பது ஏக்கருக்கு
ஒரு வாளி.

அவன் அழுத்திய மண்ணில்
விரல் சூடு நிற்கிறதா என்று தேடினேன்.
நூற்றெண்பது கஜம்.
நான் வாங்கியதில்
அவ்வளவு தெரியாது.

எவ்வளவு நேரம் பார்த்திருப்பேன்?
அவ்வளவு நேரமும்
அவன் நெஞ்சுக்கு நேரே குழல்.
தாழ்த்தினேன். தோட்டாக்களைக் கழற்றிச்
சட்டைப்பையில் போட்டேன்.
வெறுங்கண்ணுக்கு வேலிகூட இல்லை.
இருட்டு, கூகை, வாளிக் காதின் கிறீச்.
அவனை மறுபடி பார்க்க
துப்பாக்கியைத்தான் தூக்க வேண்டும்.
தூக்கவில்லை.

"படம் சரியில்லையா?" என்றான் கார்லிஸ்.
"நல்லாவே இருக்கு."
"பின்னே?"
"துப்பாக்கியில மாட்டாதது ஒண்ணு குடு.
கையில வெச்சு, சும்மா பார்க்க."
"அதை எல்லாரும் ரெண்டாவதாத்தான் வாங்குவாங்க."
"எனக்கும் இது ரெண்டாவதுதான்."
தவணைச் சீட்டில் இன்னொரு வரி எழுதினான்.

வியாழன் இரவு வந்தன. பன்னிரண்டு.
எண்ணிவிட்டு, அண்ணன் அறையில்
விளக்கு எரிகிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு,
அப்புறம்தான் மற்றதைத் தொட்டேன்.

ஜூனில் வேலியோரம்
ஒரு வரிசை மட்டும் கோணலாய் முளைத்தது.
காலைக் காப்பியோடு நின்று
இருவரும் அதைப் பார்த்தோம்.
"மழை வந்தாத் தேவலை" என்றான்.
ஆமாம் என்றேன்.